பம்ப் சுவிட்சில் நாற்பத்தொன்றாம் பூட்டு

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, என் வீட்டுத் தண்ணீர்ப் பம்ப்பைக் கழற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை. மோட்டாருக்கும் பம்ப்புக்கும் நடுவில் நூல் மாதிரி தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. மாடிப்படிக்குக் கீழே குனிந்து நுழைய வேண்டிய இடம். அப்பாவுக்கு அறுபத்தாறு வயது. ஆனாலும் என்னை உள்ளே விடவில்லை.

"பிள்ளை பெத்து அறுபது நாள்தான் ஆகுது. வெளிய நின்னு டார்ச் அடி, போதும்."

"அறுபத்து மூணு நாள், ப்பா."

"சரி, அறுபத்து மூணு. அதுக்காக உள்ள விட்டுருவேனா?"

முதலில் சுவிட்சை அணைத்தார். அந்த இரும்பு சுவிட்சைப் பொருத்தியவரே அவர்தான். கைப்பிடியில் ஒரு துளையும் போட்டு வைத்திருந்தார். பையிலிருந்து சிவப்புப் பூட்டை எடுத்து அந்தத் துளையில் மாட்டிப் பூட்டினார். பூட்டின் முதுகில் 41 என்று பொறித்திருக்கும். கூடவே ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார்: 'ஆள் உள்ளே வேலை செய்கிறார். இயக்காதே.' சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு பம்ப்பை ஓட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ஓடவில்லை. அதற்கப்புறம்தான் ஸ்பேனரை எடுத்தார்.

வீட்டில் எங்களைத் தவிர என் கணவரும் குழந்தையும்தான். இருவரும் மாடியில். யார் வந்து சுவிட்சைப் போடப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. நானும் மின்நிலையத்தில் பராமரிப்பு இன்ஜினியர். எனக்கும் ஒரு பூட்டு இருக்கிறது. விதி எங்கேயும் ஒன்றுதான்: ஒரு ஆள், ஒரு பூட்டு, ஒரு சாவி. பூட்டு தொங்கினால் அதற்குரியவர் இயந்திரத்துக்குள் இருக்கிறார் என்று பொருள். பூட்டியவர் கைதான் திறக்க வேண்டும்.

பம்ப்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் 'சீல்' என்ற பாகத்தை வெளியே எடுத்தார். கரி வளையத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். அளவுகோலை வைத்து அளந்து, ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

"நாளைக்குப் போய் வாங்கிட்டு வர்றேன்."

"போன்லயே ஆர்டர் போட்டுரலாம், ப்பா."

"போடு. ரெண்டு மில்லிமீட்டர் பெருசா ஒண்ணு வரும். அத திருப்பி அனுப்பி வேற வாங்கறதுக்குள்ள உன் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருவான்."

சிரித்தேன். அந்தச் சிரிப்போடு, பல வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மூணு வாரத்துல லீவு முடியுது. இன்னும் மூணு மாசம் கேட்டேன், தர மாட்டேன்னுட்டாங்க. வேலைய விட்டுரலாம்னு லெட்டர் எழுதி வச்சிருக்கேன்."

"குடுத்துட்டியா?"

"இல்ல. நீங்க எனக்காக விட்டீங்களே. அது சரியாப்பா?"

துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கரி வளையத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீல் வாங்கிட்டு வர்றேன். மாட்டிட்டுப் பேசுவோம்."

அவ்வளவுதான்.

அப்பா என்ன வேலையை விட்டார் என்று சொல்ல வேண்டும். மின்நிலையத்தில் பாய்லருக்குக் காற்று ஊதும் விசிறிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு. வருடம் ஒருமுறை நிறுத்தி, ஆட்கள் அதன் வயிற்றுக்குள் இறங்கி, இறக்கைகளைச் சுத்தம் செய்து, தேய்மானம் பார்ப்பார்கள். அந்தக் குழுவுக்கு அப்பா மேற்பார்வையாளர். முப்பத்து நான்கு வயதில் அந்த இடம் கிடைப்பது அபூர்வம். ஊர்க்காரர்கள் அவரை 'நாற்பத்தொண்ணு' என்றே கூப்பிட்டார்கள். பூட்டு எண்.

நான் பிறந்த அன்று அவர் விசிறிக்குள் இருந்தார். ஒன்பது வாரம் முன்னதாகவே பிறந்தேன். ஒருவன் வாசல் துளையில் தலையை விட்டுக் கத்தினானாம்: "நாப்பத்தொண்ணு, உங்க வீட்டம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க." அப்பா தவழ்ந்து வெளியே வந்தார். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. கேட்டைத் தாண்டி ஓடி, அந்தப் பக்கம் வந்த லாரியை நிறுத்தி ஏறினார்.

பூட்டை எடுக்க மறந்துவிட்டார்.

பிற்பகலில் வேலை முடிந்தது. மற்றவர்கள் தங்கள் பதினொரு பூட்டையும் எடுத்துவிட்டார்கள். ஒன்று மட்டும் தொங்கியது. அது தொங்கும்வரை விசிறி ஓடாது. விசிறி ஓடாமல் பாய்லர் இல்லை. பாய்லர் இல்லாமல் மின்சாரம் இல்லை. அவர் ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள். இருந்தாலும் இரண்டு முறை உள்ளே இறங்கித் தேடினார்கள். விதி அப்படி. கடைசியில் போர்மேன் ஆஸ்பத்திரிக்கே வந்தார்.

அந்தக் காட்சியை அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மாவுக்கு மயக்கம் அரைகுறையாகத் தெளிந்திருந்தது; கதவு திறந்திருந்தது. அப்பா என் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஹெல்மெட்டோடு நின்றிருந்தார். ஒரு கிலோ நானூறு கிராம் எடையில் நான் உள்ளே.

"டேய், நீ உள்ள இல்லன்னு உன் வாயால சொல்லு," என்றார் போர்மேன்.

"நான் இங்கதான இருக்கேன், அண்ணே."

"தெரியுதுடா. வாயால சொல்லணும்."

"நான் உள்ள இல்ல."

"சரி, வா. வந்து பூட்ட எடுத்துட்டு உடனே திரும்பிரலாம். வண்டி வச்சிருக்கேன்."

அப்பா பெட்டியைப் பார்த்தார். பிறகு பையில் கையை விட்டு சாவியை எடுத்து நீட்டினார். போர்மேன் உடனே வாங்கவில்லையாம். அந்த மின்நிலையத்தில் ஒரு சாவி கை மாறியதே இல்லை.

"நிஜமாத்தான் குடுக்கறியா?"

"வாங்கிக்கங்க, அண்ணே. என்னால இங்கிருந்து நகர முடியாது."

யாரும் அவரைத் திட்டவில்லை. அரை நாள் மின்சாரம் போனதற்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தார். ஆனால் அவருக்கு அது உறுத்தியது. பின்னாளில், நான் வேலையில் சேர்ந்தபோது, ஒரே ஒரு தடவை சொன்னார்: "நான் அங்க இருக்கேன்னு பூட்டு சொல்லுது. நான் அங்க இல்ல. அப்படி ஒரு பூட்டு தொங்கக் கூடாது."

அம்மாவுக்கு அறுவைசிகிச்சைக் காயத்தில் சீழ் பிடித்துவிட்டது. என்னைத் தொடக் கூடாது என்றார்கள். பெட்டிக்கு வெளியே, யாராவது நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டால் குழந்தைக்குச் சூடு நிற்கும், எடை ஏறும் என்றார் டாக்டர். தினமும் எவ்வளவு நேரம் என்று அப்பா கேட்டார். முடிந்த அளவு என்றார் டாக்டர். அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எண் வேண்டும் அவருக்கு. நர்ஸ்தான் எட்டு மணி நேரம் என்றாள், அவரை அனுப்பி வைப்பதற்காக.

எட்டு மணி நேரம் என்பது ஒரு ஷிஃப்ட். அவர் மூன்று மாத விடுப்பு கேட்டார். பதினாலு நாள்தான் தருவோம் என்றார்கள். மூன்று வரியில் ராஜினாமா எழுதினார். போர்மேன் பூட்டையும் அட்டையையும் சாவியையும் திருப்பிக் கொடுத்து, "இது வேற யாருக்கும் ஒத்துக்காது, நீயே வச்சுக்க," என்றார்.

அந்த நாட்களின் குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. ஷிஃப்டில் எழுதும் அதே பாணி. '06:10 – நாற்பது மில்லி உள்ளே. 06:25 – பத்து மில்லி திரும்ப வந்தது. 07:00 முதல் 11:20 வரை நெஞ்சில். வெப்பநிலை 36.6. அசாதாரணம் ஏதுமில்லை.' இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். 'மகிழ்ச்சி' என்ற சொல் எங்கும் இல்லை. நூற்று நாற்பதாம் பக்கத்தில், '16:05 – சிரித்தது. வாயு அல்ல. மறுபடி சோதித்தேன். மறுபடி சிரித்தது.'

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிவப்பு அட்டையை வாசல் மணியின் பொத்தான் மேல் தொங்கவிட்டார். நான் தூங்கும்போதெல்லாம் அது தொங்கும். ஆள் உள்ளே வேலை செய்கிறார், இயக்காதே. மாமா, அம்மாவின் அண்ணன், ஒருநாள் வந்து அதைப் படித்துவிட்டு, முக்கால் மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்பிள, உள்ள ஹை வோல்டேஜ் ஏதாவது ஓடுதா?"

"ஆமா. ரெண்டு கிலோ நூறு கிராம்."

"சரி சரி. இன்னிக்கு எத்தன மெகாவாட் பால் ஊத்துன?"

"அறுபது மில்லி. பதினஞ்சு திரும்பி வந்துருச்சு. நிகர உற்பத்தி நாப்பத்தஞ்சு."

மாமா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். ஆனால் மாமா வீட்டுக்குள் வந்து அம்மாவிடம், "ஆம்பளைக்கு இது எத்தன நாளைக்கு ஓடும்? ஆறே மாசத்துல உன்னைத்தான் குத்திக் காட்டுவான் பாரு," என்றாராம். அம்மா தேறி, பள்ளி அலுவலகத்தில் தன் குமாஸ்தா வேலைக்குத் திரும்பிப் போனாள். அப்பா குத்திக் காட்டவில்லை. ஆறு மாதத்தில் மட்டுமல்ல, எப்போதும்.

எனக்கு இரண்டு வயதானபோது அவர் மின்நிலையத்துக்குத் திரும்பிப் போனார். போர்மேன் ஓய்வு பெற்றிருந்தார். புது அதிகாரி ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார்:

"வேலைய ஏன் விட்டீங்க?"

"குழந்தைய பாத்துக்க."

"ஐயோ. வீட்டுல அவங்க... எப்போ தவறினாங்க?"

"இருக்காங்க. நல்லா இருக்காங்க."

அதிகாரி படிவத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினார். இடம் காலியாக இல்லை. அதன் பிறகும் காலியாகவில்லை. அப்பா வீடு வீடாகப் போய் பம்ப்பும் மின்விசிறியும் பழுது பார்த்தார். முப்பது வருடம். நாற்பத்தொண்ணு போய் 'பம்ப்காரர்' ஆனார். அறை அளவு விசிறியிலிருந்து கூரையில் சுற்றும் விசிறிக்கு.

வருத்தப்பட்டாரா? என்னிடம் இருக்கும் தகவல் போதாது. மின்நிலையத்துப் பேருந்து காலையில் எங்கள் தெரு வழியாகப் போகும். என்னைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போகும்போது, அந்தப் பேருந்து வந்தால் கடைகளின் பக்கம் திரும்பி எதையாவது பார்ப்பார். கூடை, துடைப்பம், எதையாவது. எனக்குப் பத்து வயது வரை இது நடந்தது. பிறகு நின்றுவிட்டது. வருத்தம் நின்றதா, அவரைத் தெரிந்தவர்கள் பேருந்தில் இல்லாமல் போனார்களா, தெரியாது. நான் அதே படிப்பு படித்து, வேறோர் ஊர் மின்நிலையத்தில் வேலை வாங்கி வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "உனக்குன்னு தனிப் பூட்டு தருவாங்களா?" தருவார்கள் என்றேன். எண்ணைக் கேட்டார். நூற்றெட்டு. தலையாட்டினார்.

திங்கட்கிழமை சீல் கடை விடுமுறை. செவ்வாய் காலை கடைக்குப் புறப்படச் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர், இரண்டாவது பொத்தானைப் போடும்போதே கீழே விழுந்தார். மூளையின் இடப்பக்கம் ரத்தக் குழாய் அடைப்பு. பேச்சும் வலது கையும் போய்விட்டன.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். படுக்கைக்கு மேலே இருந்த திரையில் எனக்குப் புரியாத எண் ஒன்றுகூட இல்லை. அழுத்தம், ஓட்டம், ஆக்சிஜன், வெப்பநிலை. என் வேலையிடத்தில் இதே நான்கைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். அங்கே எண் இறங்கினால் ஒரு வால்வைத் திருப்பலாம். இங்கே நாற்காலியில் உட்கார்ந்து எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்தபோது கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "நீங்க இன்ஜினியரா?" என்றார். "ஆமா." "அதான்," என்றார்.

குழந்தையை உள்ளே விடமாட்டார்கள். என் கணவர் அச்சகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு, வாகன நிறுத்தத்தில் காரில் அவனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை நான் நான்கு மாடி இறங்கிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு ஏறி வருவேன். மேலே இருக்கும்போது கீழே அழுகிறானோ என்று இருக்கும். கீழே இருக்கும்போது மேலே எண் இறங்குகிறதோ என்று இருக்கும். யாரிடமும் கொடுக்க என்னிடம் சாவி இல்லை.

ஐந்தாம் நாள் அப்பா கண் திறந்தார். அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா. கேக்குதுன்னா அமுக்குங்க."

அமுக்கினார்.

"அந்த லெட்டர குடுத்துரட்டுமா? குடுக்கலாம்னா அமுக்குங்க."

அமுக்கினார். ஆனால் எனக்குப் பயிற்சி அப்படி; ஒரு அளவீட்டை மட்டும் நம்ப முடியாது.

"குடுக்க வேண்டாம்னா அமுக்குங்க."

அமுக்கினார்.

"நான் உங்க பையனா, ப்பா?"

அமுக்கினார். அதே அழுத்தம். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

பிறகு கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் மதியம் ஒன்று நாற்பதுக்கு அவர் போனார். ஒன்று முப்பதுக்கு நான் காரில் இருந்தேன். பையன் பாதியில் தூங்கிவிட்டான். எழுப்பி மிச்சத்தையும் கொடுக்கலாம் என்று பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தேன். மேலே போனபோது திரையை அணைத்திருந்தார்கள்.

பம்ப் இன்னும் கழற்றியபடியே கிடக்கிறது. மாடிப்படிக்குக் கீழே, செய்தித்தாள் மேல், கழற்றிய வரிசையிலேயே நட்டுகளும் போல்ட்டுகளும். சுவிட்சில் பூட்டு தொங்குகிறது. என் கணவர் தெருக்குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் சுமக்கிறார். ஒரு தடவை மட்டும் கேட்டார், "பூட்ட வெட்டிரலாமா?" வேண்டாம் என்றேன். மறுபடி கேட்கவில்லை.

பூட்டியவர் இல்லாதபோது பூட்டை எடுக்க ஒரு படிவம் உண்டு. என் வேலையிடத்தில் அதில் கையெழுத்துப் போடும் ஆள் நான்தான். ஆறு வருடத்தில் இரண்டு போட்டிருக்கிறேன். முதல் வரி: பூட்டியவர் வளாகத்தில் இல்லை என்பதை நேரில் உறுதி செய்யவும். இரண்டாவது: அவரைத் தொடர்புகொள்ள எல்லா முயற்சியும் செய்யவும். மூன்றாவது: அவர் மறுபடி வேலைக்கு வருமுன், பூட்டு எடுக்கப்பட்டதை அவரிடம் தெரிவிக்கவும். இந்தப் பூட்டுக்காக முதல் வரியை எத்தனையோ தடவை நிரப்பிவிட்டேன். படிக்கட்டுக்குக் கீழே குனிந்தும் பார்த்தேன். சொன்னால் சிரிப்பார்கள்.

போன வாரம் அம்மா வந்தாள். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து நடைச்சட்டத்தைப் பிடித்துத்தான் நடக்கிறாள். பேரனை மடியில் வைத்தால்தான் உண்டு, தூக்க முடியாது. அவன் தலையைத் தடவிக்கொண்டே, முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம போட்ட சட்டை. துவைக்கப் போடறப்ப பையில இருந்துச்சு. கூட இந்தச் சீட்டும்."

"நீயே வச்சிருக்கலாமே, ம்மா."

"எனக்கு எதுக்குடி? அவரு உன் வீட்டுல பூட்டுனது."

நான் சாவியைத் தொடவில்லை. அன்று அப்பா போர்மேனிடம் கையை நீட்டிக் கொடுத்தார். இது பையில் கிடந்தது. இரண்டும் ஒன்றில்லை.

சீட்டில் இரண்டு வரி. அவர் கையெழுத்து, ஷிஃப்ட் குறிப்பேட்டில் எழுதுகிற மாதிரி.

'1. பம்ப் சீல், 5/8 அங்குலம் – 1.
2. பால் புட்டி நிப்பிள், சின்ன ஓட்டை – 2.'

என் வீட்டில் பால் புட்டியே கிடையாது. பையன் என்னிடம்தான் குடிக்கிறான். முதல் வரியை அவர் என் கண்ணெதிரே எழுதினார். இரண்டாவதை வீட்டுக்குப் போய் எழுதியிருக்க வேண்டும், வேறு பேனா.

'நீ வேலைக்குப் போ, இவனை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்ல இருந்தாரா? அறுபத்தாறு வயதில் இன்னொரு குறிப்பேடு தொடங்க நினைத்தாரா? அல்லது தாத்தா என்ற ஆசையில் சும்மா ஒரு புட்டி கொடுத்துப் பார்க்க நினைத்தாரா? அம்மாவிடம் கேட்டேன். "எங்கிட்ட எதுவும் சொல்லல. கடைக்குப் போறேன்னாரு, அவ்வளவுதான்," என்றாள். இதுதான் என் கேள்விக்குப் பதில் என்றால், அந்தப் பதிலுக்கு அவர் வேண்டும். அவர் இல்லாமல் அது வெறும் சாமான் சீட்டு.

நேற்று லீவு முடிந்தது. லெட்டரைக் கொடுத்துவிட்டேன். அப்பா என் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, பார்த்து, தீர்மானித்து, வேலையை விட்டார். நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் விட்டேன். என் பூட்டை, நூற்றெட்டை, கேட்டிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

இன்று காலை பையனைத் தோளில் போட்டுக்கொண்டு சீல் கடைவரை நடந்தேன். திறந்துதான் இருந்தது. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். சீட்டு வீட்டில், மேசை மேல், சாவிக்குக் கீழே இருந்தது. அளவு எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். இரண்டு சாமானும் இன்னும் வாங்கவில்லை.